ட்ரீம்காஸ்ட்டும் செகாவின் பழைய கடனும்

என் அலமாரியில் ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கிறது. சுவிட்சைப் போட்டதும் நீளமாக ஒரு பீப் சத்தம் வரும், அப்புறம் தேதி கேட்கும். நாம் எதையும் தொடாவிட்டால் அது காட்டும் தேதி 1998 நவம்பர் 27. உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. கரண்ட் போனால் எல்லாவற்றையும் மறந்துவிடும் அந்தப் பெட்டி, அந்த ஒரு தேதிக்கு மட்டும் திரும்பத் திரும்ப வந்து நிற்கும். ஜப்பானில் செகா நிறுவனம் ட்ரீம்காஸ்ட் என்ற வீடியோ கேம் கன்சோலை விற்பனைக்கு விட்ட நாள் அது.

2012-ல் ஆபீஸ் வேலையாக டோக்கியோ போயிருந்தபோது, அகிஹபாராவில் ஒரு பழைய கேம் கடையில் வாங்கினேன். ஜப்பான் மெஷின் 100 வோல்ட்டில் ஓடுவது. நம் வீட்டு 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் அன்றோடு கதை முடிந்துவிடும். அதற்காகவே ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி, பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

போன மே மாத லீவுக்கு அக்கா மகன் வந்திருந்தான். ப்ளேஸ்டேஷன் 5-ல் வளர்ந்த பையன். சோல் காலிபர் போட்டுக் கொடுத்தேன். ஒரு மணி நேரம் கன்ட்ரோலரைக் கீழே வைக்கவில்லை. "1999 கேம்னு நம்பவே முடியல மாமா. இவ்ளோ நல்லா இருக்கே, அப்புறம் ஏன் இந்தக் கம்பெனி கன்சோல் பண்றதையே விட்டுட்டான்?" என்று கேட்டான். "ப்ளேஸ்டேஷன் 2 வந்துச்சுடா" என்று சொல்லிவிட்டேன். பொய் இல்லை, ஆனால் அது பாதிப் பதில்தான். அவனுக்கு நான் சொல்லாமல் விட்ட மீதியை எழுதிவிட வேண்டும் என்று அன்றிலிருந்தே மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். கன்சோலைப் பெரும்பாலும் அடக்க விலைக்கோ, அதற்குக் கீழேயோதான் விற்பார்கள். போட்ட பணம் கேம்களில் திரும்பி வரும். மற்ற நிறுவனங்கள் அந்த மெஷினுக்குச் செய்யும் ஒவ்வொரு கேம் டிஸ்க்குக்கும் கன்சோல் நிறுவனத்துக்கு ஒரு பங்கு போகும். அந்தப் பங்கு சேர்ந்து முதல் ஆண்டுகளின் நஷ்டத்தை மூடக் காலம் பிடிக்கும். அதுவரை மூன்று தரப்பு உங்களோடு நிற்க வேண்டும். வாங்குகிறவர் நிற்க வேண்டும், கேம் செய்கிறவர் நிற்க வேண்டும், அலமாரியில் இடம் கொடுக்கும் கடைக்காரரும் நிற்க வேண்டும். நல்ல கேம் வருமா என்று வாங்குகிறவர் பார்ப்பார். போதுமான பேர் வாங்குவார்களா என்று கேம் செய்கிறவர் பார்ப்பார். கடைக்காரர் இந்த இரண்டு பேரையும் பார்ப்பார்.

இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு நம் ஊர்ச் சீட்டு ஞாபகம் வரும். இருபது மாதச் சீட்டில் முதல் மாதமே ஒருவர் பணம் கட்டுகிறார் என்றால், கடைசி மாதம் வரை சீட்டு பிடிப்பவர் ஊரில் இருப்பார் என்று நம்புகிறார். பாதியில் சீட்டை நிறுத்திய ஆள் அடுத்த வருஷம் வந்து, "இந்தத் தடவை நல்ல சீட்டு, தள்ளுபடியும் அதிகம்" என்று சொன்னால், உண்மையிலேயே அது நல்ல சீட்டாக இருந்தாலும் எத்தனை பேர் சேர்வார்கள்?

செகாவுக்கு நடந்தது இதுதான் என்பது என் முடிவு. ட்ரீம்காஸ்ட் தோற்ற நாள் எது என்று என்னைக் கேட்டால் 1995 மே 11 என்பேன். அன்று அந்த மெஷின் பிறக்கவே இல்லை.

1990-களின் தொடக்கத்தில் செகா இருந்த உயரம் இன்று பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் ஜெனிசிஸ் என்ற பெயரில் விற்ற அவர்களுடைய மெகா டிரைவ் கன்சோல், 1991-ல் வந்த சோனிக் கேமின் தோளில் ஏறி, அசைக்கவே முடியாது என்று எல்லோரும் நினைத்திருந்த போட்டி நிறுவனமான நின்டெண்டோவோடு சரிக்குச் சரி நின்றது. உலகம் முழுக்க 3 கோடிக்கு மேல் விற்றது. அந்த வெற்றியை நீட்டிக்கச் செகா எடுத்த வழி, ஓடிக்கொண்டிருந்த மெஷினுக்கு ஒட்டுப் பெட்டிகள் விற்பது. 1992-ல் அமெரிக்காவில் செகா சிடி வந்தது, விலை 299 டாலர். சில நல்ல கேம்கள் வந்தன, பல சுமார், மொத்தத்தில் 22 லட்சம் சொச்சம்தான் விற்றது. அடுத்து 1994 நவம்பரில் 32எக்ஸ், 159 டாலர். மெகா டிரைவின் தலையில் செருகும் காளான் மாதிரி ஒரு பெட்டி.

அதே நவம்பரில் ஜப்பானில் செகா தன் அடுத்த தலைமுறைக் கன்சோலான சாட்டர்னை விற்க ஆரம்பித்துவிட்டது. அமெரிக்கப் பிள்ளைகள் கிறிஸ்துமஸுக்கு அப்பா அம்மாவிடம் அழுது 32எக்ஸ் வாங்கிய அதே வாரங்களில், அந்தப் பெட்டியைக் காலி செய்யப்போகும் மெஷின் டோக்கியோ கடைகளில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. 32எக்ஸுக்கு மொத்தமே சுமார் 40 கேம்கள்தான் வந்தன. கடைசியில் 20 டாலருக்குத் தள்ளிவிட்டார்கள். முழு விலைக்கு அதை வாங்கிய ஒரு பையனின் இடத்தில் என்னை வைத்துப் பார்க்கிறேன். வருஷம் முழுக்கச் சேர்த்த காசாக இருந்திருக்கும். அடுத்த தடவை செகா என்ற பெயரைக் கேட்டால் அவன் கை பாக்கெட்டுக்குள் போகுமா?

இனி அந்த மே 11. லாஸ் ஏஞ்சல்ஸில் முதல் முறையாக ஈ3 என்ற வீடியோ கேம் கண்காட்சி. சாட்டர்ன் அமெரிக்காவில் 1995 செப்டம்பர் 2 அன்று வரும் என்று செகா சொல்லியிருந்தது. சனிக்கிழமை, சாட்டர்ன், பெயர்ப் பொருத்தம்கூட விளம்பரத்தில் இருந்தது. சோனியின் ப்ளேஸ்டேஷன் அதற்கு ஒரு வாரம் கழித்து வரவிருந்தது. சோனியை முந்த வேண்டும் என்று ஜப்பான் தலைமையகம் பிடிவாதமாக நின்றது. செகா அமெரிக்காவின் தலைவர் டாம் கலின்ஸ்கிக்கு அதில் விருப்பமில்லை. ஆனாலும் அவர்தான் மேடையேறி, சாட்டர்ன் செப்டம்பரில் வரவில்லை, இன்றே கடைகளில் இருக்கிறது, விலை 399 டாலர் என்று அறிவிக்க வேண்டியிருந்தது.

அன்று நான்கே நான்கு கடைத் தொடர்களுக்குத்தான் சரக்கு போயிருந்தது. மற்றவர்களுக்கு விஷயமே தெரியாது. கேபி டாய்ஸ் என்ற பெரிய பொம்மைக் கடைத் தொடர், தங்களை ஒதுக்கிய கோபத்தில் செகா பொருட்களை விற்பதையே நிறுத்தியது. செப்டம்பரைக் கணக்கு வைத்து வேலை செய்துகொண்டிருந்த வெளி நிறுவனங்களின் கேம்கள் எதுவும் தயாராக இல்லை. புது மெஷினை வாங்கியவர்கள் செகாவே வெளியிட்ட ஒரு கைப்பிடி கேம்களோடு மாதக் கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். நான் மேலே சொன்ன மூன்று தரப்பையும் ஒரே காலையில் காயப்படுத்திய முடிவு இது. வேறு எந்த நிறுவனமும் ஒரே நாளில் இவ்வளவு சேதத்தைத் தனக்குத் தானே செய்துகொண்டதாக எனக்குத் தெரியவில்லை.

அன்றே சோனியின் முறை வந்தது. ஸ்டீவ் ரேஸ் என்ற சோனி அதிகாரி மேடைக்கு வந்தார், "299" என்று ஒரே ஒரு எண்ணைச் சொன்னார், இறங்கிப் போய்விட்டார். அரங்கம் கைதட்டியது.

சாட்டர்ன் மோசமான மெஷின் இல்லை. ஜப்பானில் அதற்கு நல்ல காலம் இருந்தது, வர்ச்சுவா ஃபைட்டர் என்ற சண்டை கேமுக்காகவே வாங்கினார்கள். ஆனால் அதற்குள் இரண்டு முதன்மை ப்ராசசர்கள், இரண்டு காட்சிச் சிப்கள். இரண்டையும் ஒன்றாக ஓட்டிப் பழகுவதற்குள் கேம் செய்கிறவர்களுக்கு நாக்குத் தள்ளிவிடும். ப்ளேஸ்டேஷனில் அந்தத் தலைவலி இல்லை, அவர்கள் அங்கே போனார்கள். 1997-ல் செகா அமெரிக்காவுக்குப் பொறுப்பேற்றிருந்த பெர்னி ஸ்டோலர், எங்கள் எதிர்காலம் சாட்டர்ன் இல்லை என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். அது நேர்மையான பேச்சாக இருக்கலாம். ஆனால் கையில் மாற்று இல்லாதபோது சொன்ன பேச்சு. அடுத்த மெஷின் அமெரிக்காவுக்கு வந்தது 1999 செப்டம்பரில். இடைப்பட்ட இரண்டு வருஷத்துக்கு மேல் கடை அலமாரியில் செகா என்று ஒன்று இருந்ததே பலருக்கு மறந்துபோயிற்று. 1998 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் செகாவின் நஷ்டம் 3,560 கோடி யென்.

ஐந்து ஆண்டுக்குள் மூன்று சீட்டு, மூன்றும் பாதியில் நின்றவை. ட்ரீம்காஸ்ட் நான்காவது.

இந்த இடத்தில்தான் எனக்கு நெஞ்சு வலிக்கும், ஏனென்றால் இந்த நான்காவதுதான் அவர்கள் செய்ததிலேயே சிறந்தது. சாட்டர்னில் செய்த தவறு ஒவ்வொன்றையும் உட்கார்ந்து படித்துத் திருத்திய மெஷின் அது. இரட்டை ப்ராசசர் குழப்பம் இல்லை, ஹிட்டாச்சியின் ஒரே ஒரு எஸ்எச்-4, என்ஈசி தயாரித்த பவர்விஆர் கிராஃபிக்ஸ் சிப். கேம் செய்கிறவர்கள் சீக்கிரம் பழகிக்கொண்டார்கள். விலை 199 டாலர். உள்ளேயே மோடம் இருந்தது. பாதி உலகம் இன்டர்நெட் என்ற சொல்லையே புதிதாகக் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், டெலிஃபோன் வயரைச் செருகி அடுத்த நாட்டு ஆளோடு விளையாடு என்றது அந்தப் பெட்டி. மெமரி கார்டுக்கே ஒரு குட்டித் திரை உண்டு. விஎம்யு என்பார்கள், கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தனியாக விளையாடலாம். சுவிட்சைப் போட்டதும் வரும் அந்த பீப் சத்தம் அதன் பேட்டரி தீர்ந்துபோன குரல்தான்.

கேம்களைப் பற்றி எழுதினால் இந்தக் கட்டுரை முடியாது. கிரேஸி டாக்ஸி, ஜெட் செட் ரேடியோ, மைக்கில் ஒரு மீனோடு பேசும் சீமேன். செகாவின் யூ சுஸுகி உருவாக்கிய ஷென்மூவை மட்டும் தாண்டிப் போக மனம் வரவில்லை. 1986-ன் யோகோசுகா நகரம், குளிர்காலம், அப்பாவை இழந்த ஒரு பையன். தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் பெயரும் வேலையும் உண்டு, கடை மூடும் நேரம் உண்டு. வீட்டு மேசை இழுப்பறையை நீங்கள் திறந்து பார்க்கலாம், அதில் கதைக்கு வேண்டியது எதுவும் இல்லாவிட்டாலும். ஊரில் காசு போட்டு கேம் விளையாடும் ஆர்கேட் ஒன்று இருக்கிறது, உள்ளே போனால் செகாவின் பழைய ஹேங்-ஆன் கேமை முழுதாக விளையாடலாம். நான் முதல் தடவை பனி விழும் தெருவில் எதுவும் செய்யாமல் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்று எல்லா நிறுவனமும் செய்யும் திறந்த உலக கேம்களின் வேர்களில் ஒன்று அந்தத் தெருவில் இருக்கிறது.

பேன்டசி ஸ்டார் ஆன்லைன் இன்னொன்று. 2000 டிசம்பரில் ஜப்பானில் வந்தது. வெவ்வேறு நாட்டு நாலு பேர் ஒரே அணியில் சேரலாம். மொழி தெரியாவிட்டால் பட்டியலிலிருந்து சொற்களைப் பொறுக்கி வாக்கியம் கட்டினால் போதும், எதிரே இருப்பவருக்கு அவர் மொழியில் தெரியும். டயல்-அப் காலத்தில் இதை யோசித்த மனிதர்கள்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

ஜப்பானில் தொடக்கமே சறுக்கியது. கிராஃபிக்ஸ் சிப் போதிய எண்ணிக்கையில் தேறவில்லை, முன்பதிவையே நிறுத்த வேண்டியிருந்தது. வந்த சரக்கு உடனே தீர்ந்தது, அடுத்த சரக்கு இல்லை. சோனிக் அட்வென்ச்சர் கேமும் டிசம்பர் கடைசிக்குத் தள்ளிப்போனது. ஆனால் அமெரிக்காவில் 1999 செப்டம்பர் 9 அன்று நடந்தது வேறு கதை. 24 மணி நேரத்தில் 2,25,000-க்கு மேல் மெஷின்கள், 9.8 கோடி டாலர் வசூல். செகா மீண்டுவிட்டது என்று அன்று நினைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது.

அப்புறம் ஏன்? பொதுவாக மூன்று காரணம் சொல்வார்கள்.

முதலாவது, திருட்டுப் பிரதி. 2000-ல் ட்ரீம்காஸ்ட்டின் பாதுகாப்பு உடைந்தது. மில்-சிடி என்று இசை சிடிக்காகச் செகாவே வைத்திருந்த ஒரு வசதி பின்வாசலாக மாறி, மெஷினைத் திறக்காமலேயே சாதாரண சிடியில் எரித்த கேம் ஓட ஆரம்பித்தது. இது அடிதான். ஆனால் இதைத் தலையாய காரணம் என்பதை நான் ஏற்கமாட்டேன். முதல் ப்ளேஸ்டேஷனுக்கும் உலகம் முழுக்கத் திருட்டு சிடி ஓடியது. அது 10 கோடிக்கு மேல் விற்றது.

இரண்டாவது, எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் (ஈஏ) என்ற பெரிய கேம் நிறுவனம் வரவில்லை. அமெரிக்காவில் அவர்கள் ஊர் ஃபுட்பால் கேம் இல்லாத கன்சோல் பாதி கன்சோல். விளையாட்டு கேம்களில் தங்களுக்கு மட்டுமே இடம் வேண்டும் என்று ஈஏ கேட்டது, அப்போதுதான் விஷுவல் கான்செப்ட்ஸ் நிறுவனத்தை வாங்கியிருந்த செகா மறுத்தது என்று ஸ்டோலர் பின்னாளில் சொன்னார். விஷுவல் கான்செப்ட்ஸ் செய்த என்எஃப்எல் 2கே அருமையான கேம், அந்த மறுப்பில் ஒரு சுயமரியாதையும் இருந்தது. ஆனால் இவ்வளவு கடுமையான நிபந்தனையை ஈஏ ஏன் கேட்க முடிந்தது? எதிரே உட்கார்ந்திருந்தவருக்குச் சந்தையில் மதிப்பு குறைந்திருந்தது, அதனால்தான் என்று நான் நினைக்கிறேன்.

மூன்றாவது ப்ளேஸ்டேஷன் 2. இதை நிதானமாகப் பார்க்க வேண்டும். சோனி அதை 1999 மார்ச்சிலேயே அறிவித்துவிட்டது, ட்ரீம்காஸ்ட் அமெரிக்காவில் கால் வைக்கும் முன்பே. 2000 மார்ச் 4 அன்று ஜப்பானில் விற்பனை. டிவிடி படம் பார்க்கலாம், தனி டிவிடி ப்ளேயர் விலை எகிறிக் கிடந்த காலம். இதையெல்லாம்விட முக்கியம் என்று நான் நினைப்பது, பழைய ப்ளேஸ்டேஷன் டிஸ்க்குகள் அதில் ஓடின. நீ எங்களிடம் செலவழித்த காசு வீணாகவில்லை என்று மெஷின் வழியாகவே சோனி சொன்ன வாக்கு அது. ட்ரீம்காஸ்ட்டில் சாட்டர்ன் டிஸ்க் ஓடாது.

2000 அக்டோபர் 26 அன்று ப்ளேஸ்டேஷன் 2 அமெரிக்காவுக்கு வந்தபோது சரக்குத் தட்டுப்பாடு. சொன்னதில் பாதிதான், 5 லட்சம்தான் வந்தது. பெரும்பாலான கடைகளில் கிடைக்கவில்லை. பக்கத்திலேயே ட்ரீம்காஸ்ட் இருந்தது. விலையை 149 டாலருக்கு இறக்கியிருந்தார்கள், அதாவது சோனி மெஷினின் 299 டாலரில் பாதி. ஒரு வருஷத்துக் கேம்கள் அலமாரி நிறைய அடுக்கியிருந்தன. கையில் காசோடு கடைக்குப் போன ஒருவர் அன்றைக்கே வீட்டுக்கு எடுத்துப் போய் விளையாடக்கூடிய மெஷின் அதுதான். அப்படியும் ஏராளமானவர்கள் வாங்காமல் திரும்பிப் போனார்கள், மாதக் கணக்கில் காத்திருந்து சோனியையே வாங்கினார்கள். விலை, கேம், கிடைக்கும் வசதி எல்லாம் பக்கத்தில் இருந்தும் ஒரு பொருளை விட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள் என்றால், இன்னும் இரண்டு வருஷம் கழித்து இந்தப் பெட்டி உயிரோடு இருக்குமா என்ற பயம்தான் அவர்களைத் தடுத்திருக்கும்.

அந்தப் பயம் இருப்பது செகாவுக்கும் தெரியும். ஜப்பானில் வந்த ட்ரீம்காஸ்ட் விளம்பரத்தில் ஹிடெகாஸு யுகாவா என்ற செகாவின் நிஜ உயரதிகாரியே நடித்தார். இரண்டு பையன்கள், "செகா சரியில்லடா, ப்ளேஸ்டேஷன்தான் ஜாலி" என்கிற மாதிரி பேசிக்கொண்டு போவார்கள், அவர் அதைக் கேட்டு நொறுங்கிப்போவார். நம்மைப் பற்றித் தெருவில் என்ன பேசுகிறார்கள் என்று தெரியும் என ஒரு நிறுவனம் அவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொண்டதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

2000 முடிவதற்குள் அமெரிக்காவில் 50 லட்சம் மெஷின்கள் என்பது இலக்கு. அந்தக் கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒரு நாளைக்கு 50,000, 60,000, ஒரு கட்டத்தில் லட்சம்கூட விற்றது என்று அப்போது செகா அமெரிக்காவின் தலைவராக இருந்த பீட்டர் மூர் பிறகு சொல்லியிருக்கிறார். அதுவும் போதவில்லை. எண்ணிக்கை சுமார் 30 லட்சத்தில் நின்றது. விலையை இறக்கி விற்ற ஒவ்வொரு பெட்டியிலும் நஷ்டம் கூடியது. 2001 ஜனவரி 31 அன்று செகா அறிவித்தது: மார்ச்சோடு ட்ரீம்காஸ்ட் உற்பத்தி நிற்கும், இனி கன்சோல் செய்யமாட்டோம், மற்றவர்களின் மெஷின்களுக்கு கேம் செய்வோம். மொத்தம் விற்றது 91.3 லட்சம். குளறுபடியாக வந்த சாட்டர்ன்கூட 92.6 லட்சம் விற்றிருந்தது. சிறந்த மெஷின் அதைவிடக் கொஞ்சம் குறைவாக விற்றது. அந்த நிதியாண்டின் நஷ்டம் 5,170 கோடி யென்.

அப்போது செகாவின் தலைவர் இசாவோ ஒகாவா, நோயோடு இருந்த முதியவர். கன்சோலை விட்டுவிட வேண்டும் என்ற முடிவுக்குத் துணை நின்றவர்களில் அவரும் ஒருவர். நிறுவனம் தனக்குத் தர வேண்டிய கடனைத் தள்ளுபடி செய்துவிட்டு, தன்னிடமிருந்த சுமார் 69.5 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளைச் செகாவுக்கே கொடுத்துவிட்டார். அறிவிப்பு வந்து ஆறு வாரத்தில், மார்ச் 16 அன்று இறந்துபோனார். செகா இன்றும் சோனிக் கேம்கள் வெளியிடுகிறது என்றால் அந்தப் பணத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு. வியாபார வரலாற்றில் இப்படி ஒரு கொடையை நான் அதிகம் படித்ததில்லை. படித்தபோது கண் கலங்கியது.

நின்டெண்டோவும் தோற்றிருக்கிறது. 1995-ல் வந்த வர்ச்சுவல் பாய் 10 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. 2012-ல் வந்த வீ யூ அதைவிடத் தெளிவான உதாரணம். 10 கோடிக்கு மேல் விற்ற வீ கன்சோலின் அடுத்த வாரிசு 1.35 கோடி சொச்சத்தில் நின்றது. பெயரைக் கேட்டவர்களில் பலர், இது பழைய வீ-க்கு விற்கும் புதுக் கன்ட்ரோலர் என்றே நினைத்துவிட்டார்கள். ஆனால் நின்டெண்டோவிடம் கையிருப்புப் பணம் இருந்தது, அடுத்த மெஷினைச் செய்யக் காலம் இருந்தது, மரியோ கேம் வராமல் போகாது என்ற நம்பிக்கை வாங்குகிறவர்களிடம் மீதி இருந்தது. 2017-ல் ஸ்விட்ச் வந்தது, 15 கோடியைத் தாண்டியது. 2001-ன் செகாவிடம் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை.

போன வாரம் அக்கா மகன் மறுபடியும் வந்தான். இந்தத் தடவை பெட்டியைத் திறந்து, செத்துப்போன கடிகார பேட்டரியைச் சால்டரிங் இரும்பால் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு பேட்டரி ஹோல்டரைப் பொருத்தினோம். அவன்தான் டார்ச் பிடித்தான், நான் பற்றவைத்தேன். புது பேட்டரியைப் போட்டுத் தேதியை இன்றைக்கு மாற்றினோம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு அஞ்சு நிமிஷம் காத்திருந்து மறுபடி போட்டோம். தேதி கேட்கவில்லை. பீப் சத்தம் மட்டும் வந்தது.

"மாமா, அந்த மெமரி கார்டுக்கும் ரெண்டு பேட்டரி வாங்கணும்" என்றான்.